ஆணியில் கிடந்த சாவி: ஒரு கொடை நாள் விபத்தின் ஆய்வு

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே உள்ள ஒரு சின்னக் கிராமம். தெருமுனையிலிருந்து தாமிரபரணி இரண்டு கிலோமீட்டர்தான். அம்மன் கோயில் கொடை, அதாவது எங்கள் பக்கத்துத் திருவிழா, கோடை லீவில் வரும். சென்னை, கோவை, திருப்பூர் என்று பிழைப்புக்குப் போனவர்கள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். போன வருடம் எங்கள் வீட்டில் மட்டும் ஏழு பிள்ளைகள். அந்தக் கொடை நாளில் நடந்த விபத்தைத்தான் முழுதாக எழுதுகிறேன். விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர் என் பெயரில் இருந்தது. அன்று காலை அதன் சாவியை அந்தப் பையன் கையில் முதலில் கொடுத்ததும் நான்தான்.

பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு, பிறகு வருகிறேன்.

நடந்தது

செவ்வாய்க்கிழமை. அக்கினி நட்சத்திரம் நடக்கிற நாட்கள். காலை பத்தரைக்கே பந்தலில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன் என் அக்கா மகன், வயது 16, பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தான். "ஏலே மருமவனே, முக்குக் கடையில போயி ஒரு கேன் தண்ணி எடுத்துட்டு வந்துரு" என்று, நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில் கிடந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். கேனை இறக்கி வைத்தான், சாவியைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினான்.

பதினொன்றே கால் இருக்கும். காலிக் கேனைக் கடையில் கொடுக்கப் போவதாகச் சொல்லிச் சாவியை அவனே எடுத்திருக்கிறான். பின்னால் என் தம்பி மகன், 13 வயது, கேனை மடியில் வைத்துக்கொண்டு. முன்னால் கால் வைக்கிற இடத்தில் என் தங்கச்சி மகள், 9 வயது, நின்றுகொண்டு. வாசலில் இருந்த என் அம்மா பார்த்திருக்கிறார். "பையப் போங்க மக்கா" என்றதோடு சரி. கடை பூட்டியிருந்தது, கடைக்காரரும் கொடைக்கு வந்துவிட்டார். வண்டி அப்படியே ஆற்றுக்குப் போயிருக்கிறது.

பன்னிரண்டே முக்கால். ஆற்றுப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறுகிற திருப்பம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்கு மேல், மாட்டுக்குப் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு சைக்கிளில் இடது ஓரமாகச் சரியாகத்தான் வந்திருக்கிறார். பையன் வேகமாக ஏறித் திரும்பினான். அவரைக் கண்டதும் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். ஓரத்து மணலில் வண்டி சறுக்கிச் சைக்கிளில் மோதியது. பெரியவருக்குத் தொடை எலும்பு முறிவு. தம்பி மகனுக்கு முன்கையில் இரண்டு எலும்பும் ஒடிந்து விலகிவிட்டன. ஓட்டியவனுக்கு நெற்றியில் ஆறு தையல். சின்னவள் புல்லுக்கட்டு மேல் விழுந்ததால் சிராய்ப்போடு தப்பினாள். ஹெல்மெட் யாரிடமும் இல்லை. நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டம். ஆறு தையலைப் பார்த்த பிறகு எனக்கு அது வெறும் அபராதச் சமாசாரமாகத் தெரியவில்லை.

டீக்கடைக்காரர் ஒருவர்தான் 108-க்குப் போன் போட்டார். வண்டி வரும் வரை பெரியவரின் காலை யாரையும் அசைக்கவிடாமல் நிழலுக்குக் குடை பிடித்திருக்கிறார். பிறகு, "என்னைச் சாட்சிக்கு இழுத்துருவாங்களோ" என்று பயந்தார். பயப்படத் தேவையில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு இப்படி உதவுகிறவர்களுக்காகவே வந்தது. அவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சி சொல்ல அவராக விரும்பினால்தான் உண்டு. அடிபட்டவருக்கு என்ன ஆனாலும் உதவியவர் மேல் வழக்கு வராது. இது தெரியாததால் எத்தனை பேர் வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில்

இங்கேதான் ஒரு குடும்பம் சறுக்குகிற இடம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓட்டுனது நான்தான்னு சொல்லிருதேன். எனக்கு லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்சும் கிடைச்சிரும், பையன் வாழ்க்கையும் தப்பிக்கும்." நல்ல மனதோடுதான் சொன்னார். ஐந்து நிமிடம் என் மனமும் அதையே பிடித்துக்கொண்டு நின்றது, மறைக்கவில்லை. அப்போது உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்த மருத்துவரிடம் பையன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். விபத்தில் வருகிறவர் என்ன சொல்கிறார் என்பதை மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டுகளில் பேசுவது அதைத்தான். பின்னால் வழக்கானாலும் இழப்பீடானாலும் முதலில் புரட்டுகிற காகிதம் அது.

ஆளை மாற்றிச் சொல்வது தனிக் குற்றம். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுத்தது, பொய்ச் சாட்சி, காப்பீட்டு மோசடி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். திருப்பத்துக் கடையில் கேமரா இருக்கும், டீக்கடையில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும், நெற்றியில் கட்டோடு அந்தப் பையன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உண்மையைச் சொல்லியிருக்கும்போது பெரியவர்கள் நாங்கள் பொய் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சிக்கல் அங்கே வந்தது. தம்பி மகனின் கையை மயக்கம் கொடுத்துத்தான் நேராக்க வேண்டும் என்றார்கள். ஒப்புதலுக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள். தம்பியும் அவன் மனைவியும் கோவையில் வேலையில், இரண்டு போனும் எடுக்கவில்லை. நான் பெரியப்பா என்றால் அதற்கு ஆதாரம் கேட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் மருத்துவர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒடிந்த கை அந்த அளவு அவசரத்தில் வராது. ஒன்றே முக்கால் மணி நேரம் பிள்ளை வலியில் துடித்தான். அதற்குள் ஒரு பெரியம்மா, "நாட்டு வைத்தியர்கிட்டக் கொண்டுபோயி எண்ணெய்க் கட்டு போட்டுருவோம்" என்று கிளம்பிவிட்டார். வீங்குகிற கையில் இறுக்கிக் கட்டு போட்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே போகலாம் என்று அங்கிருந்த நர்ஸ் தடுத்தார். அவருக்கு என் நன்றி.

லீவுக்குப் பிள்ளையை ஊருக்கு அனுப்பும்போது ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். 'என் மகனுக்கு மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டால் இன்னார் முடிவெடுத்துக் கையெழுத்திட ஒப்புகிறேன்' என்று பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, தங்கள் அடையாள அட்டை நகலோடு. பிள்ளையின் ஆதார் நகல், ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, காப்பீட்டு அட்டை எண், இவையும் அதே உறையில். எந்த ஆஸ்பத்திரியும் இதை ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் இந்தத் தாளோடு நிற்கிற பெரியப்பாவும் வெறுங்கையோடு நிற்கிற பெரியப்பாவும் அங்கே ஒன்றாக நடத்தப்படுவதில்லை.

பெரியவரின் சிகிச்சைச் செலவு அன்று எங்களை மிரட்டியது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபடுகிற யாருக்கும், எந்த ஊர்க்காரரானாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். கேட்டால்தான் சொல்வார்கள் என்றில்லை, ஆனாலும் கேளுங்கள்.

சட்டம் என் வாசலுக்கு வந்த விதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு 2019-ல் சேர்ந்தது. 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகவே கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை பழகுநர் உரிமம்கூடக் கிடையாது. இதில் நம் ஆட்கள் அபராதத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் மருமகனைப் பொறுத்தவரை கடைசி வரிதான் பெரியது. கல்லூரி முடித்து வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அவன் பஸ்ஸுக்கு நிற்பான்.

தப்பிக்க வழி உண்டா? எனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, நடக்காமல் இருக்க எல்லாக் கவனமும் எடுத்தேன் என்றோ நிரூபித்தால் உண்டு. ஆனால் என் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலிலேயே ஊகித்துக்கொள்ளும். அதை மறுக்கிற பாரம் என் தலையில். "இரண்டாவது தடவை சாவியை அவனாத்தானே எடுத்தான்" என்று வீட்டில் சொன்னார்கள். வக்கீல் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். அன்று காலை யார் சாவி கொடுத்தது? அதற்கு முன்னால் அவன் இந்த வண்டியை ஓட்டியிருக்கிறானா? சாவி எங்கே தொங்கும்? அதற்கு முந்தின லீவில் வயலுக்குப் போகும்போது அவனை ஓட்டவிட்டுப் பின்னால் உட்கார்ந்து போனவன் நான். அந்த வாதத்தை அத்தோடு கைவிட்டேன்.

2011-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். வீட்டுக்கு வந்த உறவுக்காரச் சிறுவன் கேட்காமல் சாவியை எடுத்து மோட்டார் சைக்கிளில் போய் விபத்தாகி ஒருவர் இறந்துவிட்டார். அனுமதி இல்லாமல் எடுத்தான் என்று உரிமையாளர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறுவர் கையில் வண்டி சிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றது.

இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு நப்பாசை இருந்தது. வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி, அதாவது வண்டியால் அடிபடுகிற வெளியாருக்கான காப்பீடு, நடப்பில் இருந்தது. உரிமம் இல்லாதவர் ஓட்டினால் அது பாலிசி நிபந்தனையை மீறுவது. அப்படிப்பட்ட வழக்குகளில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெரும்பாலும், முதலில் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும். பெரியவருக்குப் பணம் கிடைக்கும், கடைசியில் அது என் கையிலிருந்து போகும். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி மகன் நிலை இன்னும் மோசம். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள இருசக்கர வண்டியில் சும்மா பின்னால் உட்கார்ந்து வருபவர் அந்தப் பாலிசிக்குள் வரமாட்டார் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுப் பாலிசியை வேண்டாம் என்று சொல்லி வருடத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவன் நான்.

பேசி முடித்துவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். முப்பதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து. பெரியவர் வீட்டாரும் அரைமனதாக ஒப்பினார்கள். தொடை எலும்பு முறிந்த எழுபது வயதுக்காரருக்கு அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? அவர் புல் அறுத்து மாடு வளர்த்துத் தின்கிறவர். இழப்பீடு கேட்பது அவருடைய உரிமை. அதற்கு வழக்குப் பதிவு முக்கியம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும் என்பதும் 2019 திருத்தத்தில் வந்ததுதான். நானே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டார்கள், மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தார். பையன் அவன் அப்பா அம்மாவோடு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போனான். என் மேல் உள்ள வழக்கு நடக்கிறது. அதற்குள் என்ன ஆகும் என்று இங்கே எழுதுவது முறையாகாது.

இடையில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பையன் படத்தைப் பெயரோடு போட்டுவிட்டார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின், பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ வரும். அட்மினிடம் சொன்னதும் எடுத்துவிட்டார். அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்கும்.

பலரும் கேட்கிற ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில். 16 வயதில் உரிமம் கிடைக்கும் என்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இப்போது தெருவில் ஓடுகிற ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், 250 வாட்டுக்குள் ஓடுகிற பேட்டரி வண்டிக்கு உரிமம் தேவையில்லை. 'பேட்டரி வண்டிதானே' என்று அதற்கு மேல் ஓடுகிறதை வாங்கிக் கொடுத்தால் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்.

ஆற்றில் நடந்தது

பத்து நாள் கழித்துத் தங்கச்சி போனில் அழுதாள். சின்னவள் ராத்திரி திடுக்கிட்டு எழுந்து சொல்லியிருக்கிறாள். "ஆத்துல குழிக்குள்ள போயிட்டேன்மா. அண்ணன் கேனைத் தள்ளிவிட்டான். அதைப் பிடிச்சிக்கிட்டேன்."

அதுவரை எங்கள் எல்லார் மனதிலும், போலீஸ் எழுதிய காகிதத்திலும், ஒரு பையன் வேகமாக ஓட்டினான் என்பதுதான் இருந்தது. ஏன் வேகமாக ஓட்டினான் என்று யாரும் கேட்கவில்லை. நடுங்கி அழுதுகொண்டிருந்த தங்கையை யாருக்கும் தெரியாமல் வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் அவன் அந்தத் திருப்பத்தில் ஏறியிருக்கிறான். ஆற்றில் நடந்ததை வெளியே சொன்னால் அடி விழும் என்று மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டார்களாம். சாலையில் நடந்ததற்கு வழக்கு இருக்கிறது. ஆற்றில் நடந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எங்களுக்கு ஒரு பிள்ளையே போயிருக்கும்.

தாமிரபரணி கோடையிலும் ஓடுகிற ஆறு. அதனாலேயே அதை நம்பிவிடுகிறோம். மேலே பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அங்கே திறக்கிற தண்ணீர், இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும்போதே வந்து சேரும். காலையில் முழங்காலாக இருந்த துறை மதியம் இடுப்பாக இருக்கலாம். மேற்கே மலையில் கோடை மழை இடித்தாலும் இப்படித்தான். ஆற்றில் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் சுழன்று உள்ளே இழுக்கும், நன்றாக நீந்துகிறவரையும் விடாது. மணல் அள்ளின பள்ளங்கள் வெளியே தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிறவள் அடுத்த அடியில் ஆளுயரத்துக்குள் போய்விடுவாள். சின்னவள் போனது அப்படி ஒரு பள்ளம். பாறைகளில் பாசி. நாங்கள் சின்ன வயதில் குளித்த துறை இப்போது அதே ஆழத்தில் இல்லை என்பதை ஏனோ எங்களுக்கே நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

பையன் செய்ததில் ஒன்று மிகச் சரி. அவன் குதிக்கவில்லை. மூழ்குகிறவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவார். நம் பக்கம் ஒரே நாளில் அண்ணன் தம்பி என்று இரண்டு பேர் போவது இப்படித்தான். மூடி இறுக்கின 20 லிட்டர் காலிக் கேன் ஒரு பெரிய ஆளின் தலையையே தண்ணீருக்கு மேலே நிறுத்தும். துண்டு, சேலை, கயிறு, நீளக் கம்பு எதுவானாலும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டலாம்.

வெளியே எடுத்தபின் மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டாம். நேரம் போகும், வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும் வரை. மூழ்கி எழுந்த பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும், இருமலோ மூச்சு வாங்கலோ சோர்வோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. சில மணி நேரம் கழித்து மோசமாகிறது உண்டு. சின்னவளுக்கு இந்தக் கவனிப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு விஷயமே தெரியாது.

எங்கள் வீட்டில் நாங்கள் மாற்ற வேண்டியதில் இதைத்தான் முதலாவதாக நினைக்கிறேன். தப்பு செய்துவிட்டுப் பிள்ளை முதலில் வந்து சொல்கிற இடமாக வீடு இருக்க வேண்டும். பயந்துபோய் ஒளித்து வைக்கிற பிள்ளைக்கு எந்தச் சட்டமும் உதவாது.

இந்த வருடம்

இந்த லீவுக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆணியைப் பிடுங்கிவிட்டேன். இருக்கிற ஒரே வண்டிச் சாவி, என் தம்பியுடையது, பீரோவுக்குள். நான்கு வீட்டுக்காரர்களும் ஒப்புதல் தாள் எழுதி உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொடையன்று ஆற்றுக்குப் போக நேரம் குறித்தோம், காலை ஏழு முதல் எட்டரை. நீச்சல் தெரிந்த இரண்டு பெரியவர்கள் குளிக்காமல் கரையிலேயே நின்றோம். எல்லாரும் ஒருசேர வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதால், வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முந்தின நாளே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். குழுவில் படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொண்டோம்.

பெரியவர் கம்பூன்றி நடக்கிறார். இழப்பீட்டு மனு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. கொடைக்குச் சோறு கொண்டுபோனபோது அவர் என் மருமகனின் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்து, "வலிக்காடே?" என்றார். அவன் பதில் சொல்லவில்லை, அவருடைய மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

சின்னவளைத் தங்கச்சி நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறாள். இப்போது 25 மீட்டர் கடக்கிறாள். ஆற்றுக்குக் கிளம்பும்போது காலிக் கேனின் பிடியில் கயிற்றைத் தானேதான் கட்டுவேன் என்று நின்றாள். கட்டினாள், இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், அப்புறம்தான் செருப்பைப் போட்டாள்.